கிறகோரி அண்ணையின் உப்பு வியாபாரம்

சுவிஸில், ஓல்டன் நகரத்தில் நாங்கள் இருக்கும் வீடு மூன்று மாடி. கீழே கிறகோரி அண்ணையும் அவர் மனைவி இமெல்டா அக்காவும், அவர்களுக்கு எதிர்க்கதவில் ஃப்ராவ் எக்கர் என்ற சுவிஸ்காரப் பெண்மணி. நடுவில் நான். மேலே மாலி நாட்டுக்காரர் பக்காரி. இந்த அமைப்பில் நடுமாடிக்காரிக்குத்தான் நிம்மதி இல்லை என்பதை வீடு எடுக்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. கீழே பிரச்சினை என்றாலும் மேலே பிரச்சினை என்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் என்பதால் எனக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு நினைப்பு. பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிடுகிறது, வீட்டுக்குக் கொண்டுவர மிச்சமில்லை என்று எத்தனை தரம் சொல்வது?

கிறகோரி அண்ணை மன்னார் பள்ளிமுனை ஆள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக வந்து, இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு ஓல்டனுக்கு வந்து பார்சல் பிரிக்கும் களஞ்சியம் ஒன்றில் சேர்ந்தவர். இன்றைக்கும் அங்கேதான். நல்ல மனிதர். எனக்குக் காய்ச்சல் வந்தால் சூப்போடு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். அவரிடம் ஒரே ஒரு குறை: மன்னிப்புக் கேட்க மாட்டார். கேட்க விருப்பமில்லை என்றில்லை, அந்தச் சொல் அவருக்கு வாயில் வராது. ஹோட்டலில் ஒரு அடுக்குக் கோப்பையைப் போட்டு உடைத்தபோது, அலுமாரியைப் பிழையான இடத்தில் வைத்தது யார் என்று சத்தம் போட்டாராம். கடைசியில் சமையல் தலைவர் வந்து இவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். தன் கல்யாணத்துக்குப் பிந்திப் போனபோது ரயில் பிந்திவிட்டது என்று சொன்னார். சுவிஸில் அதை யார் நம்புவார்கள்? தவக்காலத்தில் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார், உள்ளே நெடுநேரம் இருப்பார். “வெளியில வரேக்க என்னை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டு வாறார், கலா. என்ர பாவத்தைத்தான் சொல்லியிருக்கிறார்” என்பது இமெல்டா அக்காவின் சந்தேகம்.

பக்காரி வேறு வகை. திம்பக்து நகரத்தைச் சேர்ந்தவர், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் சமைக்கிறார். உயரமான, ஆறுதலான மனிதர். அவருடைய ஆட்கள் பரம்பரையாக ஒட்டகத்தில் உப்பு ஏற்றி விற்றவர்கள். இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது ஒரு மரம். புதிதாகக் குடிவந்த பக்காரிக்குத் தன் ஊர்ப் பெருமையைக் காட்ட வேண்டும் என்று கிறகோரி அண்ணை பள்ளிமுனைப் பெருக்க மரத்தின் படத்தைக் கைபேசியில் காட்டினார். பத்துப் பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத மரம் அது. பக்காரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது எங்கட மரம்” என்றார். (இவர்கள் இருவரும் கதைப்பது ஜெர்மனில். அதை நான் எங்கட தமிழிலேயே தருகிறேன். அவர்களுடைய ஜெர்மனை அப்படியே எழுதினால் ஜெர்மன்காரருக்கே விளங்காது.)

கிறகோரி அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில் என் கதவைத் தட்டினார்கள். நான் தேடிப் பார்த்துச் சொன்னேன்: மரம் ஆபிரிக்க மரம்தான், அரபு வியாபாரிகள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்கள். மன்னார்க் கழுதைகளும் அப்படிக் கப்பலில் வந்தவை என்றுதான் கதை. “கழுதையுமா?” என்று கிறகோரி அண்ணை கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மரத்தை விட்டுக்கொடுத்தாலும் கழுதையை விட அவருக்கு மனமில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்காரி அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஏழு வருடமாக ஞாயிறு பின்னேரம் என்றால் கிறகோரி அண்ணை மேல்மாடியில்தான். பக்காரி ஒரே இலையில் மூன்று தரம் தேத்தண்ணி ஊற்றுவார், இவர் மூன்று தரமும் சீனி காணாது என்பார். இந்த நாட்டில் அவருக்கென்று இருந்த ஒரே சிநேகிதம் அதுதான். தமிழ் ஆட்களோடு அவருக்கு நீடிக்காது. அவர்கள் மன்னிப்பை எதிர்பார்ப்பவர்கள்.

அந்தத் தேத்தண்ணியில்தான் எங்களுக்கு ஆபிரிக்கச் சரித்திரம் முழுக்க வந்து சேர்ந்தது. பக்காரி மேலே சொல்வார், கிறகோரி அண்ணை இறங்கி வரும் வழியில் என் வாசலில் நின்று எனக்குச் சொல்வார், நான் சாப்பாட்டை அடுப்பில் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். சகாராப் பாலைவனத்தின் நடுவில் உப்புச் சுரங்கம் இருந்ததாம். அங்கே வீட்டுச் சுவரே உப்புப் பாளம், கூரை ஒட்டகத் தோல். தெற்கே ஆறும் காடும் பொன்னும் இருந்தன, உப்பு இல்லை. ஆகவே ஆயிரம் வருடத்துக்கும் மேலாக உப்பு தெற்கே போனது, பொன் வடக்கே வந்தது. வடக்கத்தி வியாபாரிகளோடு இஸ்லாமும் வந்தது. அதிகமும் படையோடு அல்ல, சரக்கு மூட்டையோடு. முகம் தெரியாத ஊரில் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறவனுக்கு, எதிரே இருப்பவனும் தன்னைப் போலத் தொழுகிறவன் என்றால் ஒரு தைரியம் வருமல்லவா? முதலில் வியாபாரிகள் தொழுதார்கள், பிறகு அரசர்கள், சனங்கள் ஆறுதலாகத்தான் வந்தார்கள். அரசர்களும் தொழுகையையும் விடவில்லை, பழைய சடங்குகளையும் விடவில்லை. “எங்கட ஆக்களும் அப்படித்தானே, பூசைக்கும் போவினம், நூலும் கட்டுவினம்” என்று கிறகோரி அண்ணை தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். மாலி அரசர் ஒருவர் ஹஜ் பயணம் போகும் வழியில் கெய்ரோவில் பொன்னை அள்ளிக் கொடுத்து அங்கே பொன் விலையே விழுந்துவிட்டதாம். அந்தக் கதைக்கு இவர் கேட்ட ஒரே கேள்வி, ஆள் கொண்டுபோனது பவுணா, கட்டியா என்பதுதான்.

அவருக்கு மிகவும் பிடித்தது பேசா வியாபாரம். உப்புக்காரர் ஆற்றங்கரையில் உப்பைக் குவித்து வைத்து, முரசடித்துவிட்டு ஒளிந்துவிடுவார்கள். பொன்காரர் வந்து உப்புக்குப் பக்கத்தில் பொன்னை வைத்துவிட்டுத் தாங்களும் ஒளிவார்கள். உப்புக்காரர் திரும்ப வந்து பார்ப்பார்கள். போதும் என்றால் பொன்னை எடுத்துக்கொண்டு போகலாம். போதாது என்றால் தொடாமல் திரும்பிப் போய் இன்னும் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஒரு வார்த்தை கதைப்பதில்லை. இப்படி ஒன்று நடந்ததே இல்லை, யாரோ சொல்லக் கேட்டு யாரோ எழுதியது என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள் என்றும் பக்காரி சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் கிறகோரி அண்ணை சீனி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

இனிக் கருவாட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறையும், அதற்குப் பக்கத்தில் காயவிடும் அறையும் இருக்கின்றன. காயவிடும் அறையில் சுவரில் ஒரு மெஷின் ஈரத்தை உறிஞ்சிச் சூடான காற்றை ஊதும். ஒவ்வொரு வீட்டுக்கும் தோய்க்கும் நாள் குறித்திருக்கிறது, அதை மீறுவது இந்த நாட்டில் பெரிய குற்றம். போன நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் கிறகோரி அண்ணையின் தோய்க்கும் நாள். துருக்கிக் கடையில் மலிவு விலையில் ஒரு பெட்டி மீன் வாங்கியிருந்தார். மன்னாரில் பிறந்தவருக்கு அந்தச் சூடான காற்றைப் பார்த்தால் என்ன தோன்றும்? மீனைப் பிளந்து, உப்புத் தடவி, உடுப்புக் கொடியில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டு மெஷினைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். “என்ர நாளில நான் எதையும் காயவிடலாம். உடுப்பு மட்டும் எண்டு எங்க எழுதியிருக்கு?” என்று பிறகு வாதாடினார். உண்மையில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிவரும் என்று ஃப்ராவ் எக்கர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

அந்த அறையின் மூலையில், அதற்கு முதல் நாள் தோய்த்த பக்காரியின் பெருநாள் அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சி போட்டு மினுங்கும் வெள்ளை அங்கி. கூடாரம் அளவு துணி. அத்தனை துணியும் இரவு முழுக்கக் கருவாட்டு மணத்தைக் குடித்தது. பெருநாள் காலை பக்காரிக்குத் தடிமன், மூக்கடைப்பு. உடுத்திக்கொண்டு போய்விட்டார். தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதுதான் முறை. அன்று அவருக்கு இரண்டு பக்கமும் இடம் தாராளமாக இருந்ததாம். மூன்றாவது ஆள் மெதுவாக விலகியபோதுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது.

திரும்பி வந்து கிறகோரி அண்ணையின் கதவைத் தட்டினார். அண்ணை கதவைத் திறந்தார், ஒரு தரம் மூச்சை இழுத்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்போதுதான் நீ அசல் மன்னாரான் என்று வேறு சொன்னார். பக்காரி திரும்பி மேலே ஏறிப் போனார். நான் படியில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு மெதுவாக ஏறியதை நான் முன்பு கண்டதில்லை.

அதோடு தேத்தண்ணி நின்றது. பக்காரி எனக்கு வணக்கம் சொல்வார், ஃப்ராவ் எக்கருக்குச் சொல்வார், கிறகோரி அண்ணையைக் கண்டால் தபால் பெட்டியைப் பார்ப்பார். உடுப்பைப் பையில் கட்டிக்கொண்டு ரயிலேறி ஷ்லீரனில் இருக்கும் தம்பி வீட்டில் போய்த் தோய்த்துக்கொண்டு வந்தார். ஞாயிறு பின்னேரங்களில் கிறகோரி அண்ணை குசினியில் தனியாக இருந்து தேத்தண்ணி குடித்தார். சீனி காணாது என்று சொல்லவும் ஆளில்லை, தானே போட்டுக்கொள்ள வேண்டும். போய் மன்னிப்புக் கேளுங்கோ என்று இமெல்டா அக்கா காலையும் மாலையும் சொன்னார். மீன் தன்பாட்டில் காய்ந்தது, மணம் தன்பாட்டில் போனது, இதில் தன் பிழை எங்கே என்பது அவருடைய பதில். ஆனால் ஆள் மெலிந்துவிட்டார்.

பிறகு பக்காரி எனக்கு ஒரு செய்தி சொன்னார்: ஷ்லீரனில் தம்பிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறார், மாதக் கடைசியில் ஒப்பம் வைப்பார். அதைக் கிறகோரி அண்ணையிடம் நான்தான் சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். “அப்ப அவன் போயிடுவானோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு திடீரென்று நிமிர்ந்து, கதைக்காமலே காரியத்தை முடிக்க வழி இருக்கிறது என்றார். அந்த வழியை அவனே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறான் என்றும் சொன்னார். இந்த மனிதரின் மூளை வேலை செய்யும் விதத்தைப் பற்றி நான் அப்போதே கவலைப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தோய்க்கும் அறைத் தட்டில் ஒரு பெரிய பை மன்னார்க் கல்லுப்பை வைத்தார். வெறும் சவர்க்காரத் தூள் தகரப் பேணியைக் கவிழ்த்துப் பிடித்து, அகப்பையால் நன்றாக முரசடித்தார். பிறகு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டார். பார்க்கக் கூடாது, அதுதான் விதி என்று இமெல்டா அக்காவையும் கதவுத் துவாரத்தின் பக்கம் போக விடவில்லை.

மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் இந்த நாட்டில் அமைதி நேரம், தும்மினாலும் மெதுவாகத் தும்ம வேண்டும். பேணிச் சத்தம் கேட்டு நிலவறைக்கு ஓடியவர் ஃப்ராவ் எக்கர். இதைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். அங்கே ஆள் இல்லை, உப்பு மட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தட்டில் வைக்கும் சாமான் வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். நல்ல கல்லுப்பு, அவருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் சும்மா எடுக்க மனம் வரவில்லை. தன் கையால் செய்த ஜாம் ஒரு போத்தல் பக்கத்தில் வைத்துவிட்டு, வைத்தவர் ஏற்றுக்கொள்ளட்டும், பிறகு எடுப்போம் என்று போய்விட்டார். அவ்வளவு நாகரிகமான பெண்மணி.

கிறகோரி அண்ணை போய்ப் பார்த்தார், ஜாம் போத்தலைக் கண்டார், பறந்து வந்து என் கதவைத் தட்டினார். பக்காரி பதில் வைத்திருக்கிறான்! ஆனால் ஒரு ஜாம் போத்தல் எந்த மூலைக்கு? ஏழு வருடச் சிநேகிதத்துக்கு விலை இவ்வளவுதானா? ஆகவே விதிப்படி தொடாமல் விட்டு, மறுபடியும் பேணியை அடித்தார். தன் ஜாம் பிடிக்கவில்லை என்று நினைத்த ஃப்ராவ் எக்கர், மனம் நொந்து, தான் பின்னிய காலுறை ஒரு சோடியையும் வைத்தார். காலுறைக்குக் கிறகோரி அண்ணை கண்டுபிடித்த அர்த்தம், வீட்டை விட்டு நடக்கப் போகிறேன் என்று பக்காரி மிரட்டுகிறான் என்பது. பிறகு பாலாடைக்கட்டி சீவும் கத்தி ஒன்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை. பக்காரிக்குக் காலுறை பின்னத் தெரியுமா அண்ணை என்று நான் கேட்டேன். குளிர் நாட்டில் எல்லாரும் பழகுவார்கள் என்றார். இப்படிப்பட்டவரோடு என்ன கதைக்கிறது?

கடைசியாக மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு சின்ன மாட்டு மணி வந்தது. ஃப்ராவ் எக்கரின் தகப்பனார் மலையில் மாடு வைத்திருந்த காலத்து மணி. அந்த மர்மமான உப்புக்காரரைத் திருப்திப்படுத்தாமல் விடுவதில்லை என்று அந்தப் பெண்மணியும் பிடிவாதமாக நின்றிருக்கிறார். கிறகோரி அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. நான் முரசு தட்டினேன், அவன் மணி தந்திருக்கிறான், கதை முடிந்தது என்றார். மணியை எடுத்துக்கொண்டார், உப்பை அங்கேயே விட்டார். கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, மணியை ஆட்டி ஆட்டி என் வாசலைத் தாண்டி மேல்மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். நல்லது நடக்கும் என்று நம்பியல்ல, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பக்காரி கதவைத் திறந்தார். உள்ளே பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. அவர் மணியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிறகோரி அண்ணை உப்பு, முரசு, ஜாம், காலுறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். உன் மணியை ஏற்றுக்கொண்டேன், என் உப்பு கீழே இருக்கிறது, இனித் தேத்தண்ணி போடலாம் என்று முடித்தார்.

பக்காரி தான் பெருநாளுக்குப் பிறகு நிலவறைப் பக்கமே போகவில்லை என்றார். அப்போது கீழே படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஃப்ராவ் எக்கர் உப்புப் பையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றார். கிறகோரி அண்ணையின் கையில் தன் மணியைக் கண்டு அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நல்ல மனிதர் நீங்களா என்று கேட்டு, கிறகோரி அண்ணைக்கு நன்றி சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கிறகோரி அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. மணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தார். ஷ்லீரன் வீட்டுக்குத் திங்கட்கிழமை ஒப்பம் வைக்கிறேன் என்று பக்காரி மெதுவாகச் சொன்னார்.

பிறகு சொன்னார்: “கிறகோரி, அந்த ஆற்றங்கரையில ரெண்டு பகுதிக்கும் ஒரு பாஷை இல்லை. அதாலதான் அவை கதைக்கேல்லை. உனக்கும் எனக்கும் ஜெர்மன் இருக்கு.”

கிறகோரி அண்ணை மணியைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்தார். மீன் காய்ந்தது பிழைதான் என்றார். மீனைக் காயவிட்டது தான்தான் என்று கொஞ்ச நேரத்தில் திருத்திக்கொண்டார். அறுபது வயதுக்குக் கிட்ட வந்த மனிதர், எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையைப் போல ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுத்தார். மன்னிச்சுக்கொள் என்ற சொல்லும் வந்தது. இமெல்டா அக்கா கீழே நின்று சிலுவை போட்டதை நான் கண்டேன்.

பக்காரி இல்லை என்று தலையை ஆட்டினார். “கருவாட்டுக்கோ? எங்கட ஆற்றங்கரையிலயும் கருவாடு காயுது. அந்த மணத்திலதான் நான் வளர்ந்தனான். நான் அண்டைக்கு உன்ர கதவைத் தட்டினது சண்டைக்கு இல்லை, சாப்பாட்டுக்குக் கூப்பிட. ஒவ்வொரு பெருநாளுக்கும் கூப்பிடுறனான்தானே. தொழுகையில என்னைத் தனியா விட்டிட்டு எல்லாரும் விலகி நிண்டவை. உன்னட்டையாவது வருவம் எண்டு வந்தன். நீ சிரிச்சாய்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிறகோரி அண்ணை சுற்றிவரப் பார்த்தார். இந்த முறை அலுமாரி இல்லை, ரயில் இல்லை, குற்றம் சுமத்த ஒன்றுமே அகப்படவில்லை.

“சிரிச்சது பிழை, பக்காரி. அது என்ர பிழை. நீ போகாதை. நீ போனால் எனக்கு ஆரும் இல்லை” என்றார்.

பக்காரி கதவை விட்டுவிட்டு உள்ளே போனார். போய்விட்டார் என்றே நான் நினைத்தேன். குளிர்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கல்லைப் போல உறைந்த ஒரு பொதியைக் கொண்டுவந்து கிறகோரி அண்ணையின் கையில் வைத்தார். பெருநாள் ஆட்டிறைச்சி. அன்றைக்கு இவருக்கென்று சமைத்து எடுத்து வைத்த பங்கு. கோபத்திலும் அதை எறியவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. சாமான் எல்லாம் பெட்டியில் கட்டிய பிறகும் அதை மட்டும் அந்த மனிதர் குளிர்பெட்டியிலேயே விட்டு வைத்திருந்தார்.

“உருக நேரம் எடுக்கும். உள்ள வந்து இரு” என்றார்.

கிறகோரி அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு, பொதியை நெஞ்சோடு பிடித்தபடி பெட்டிகளுக்கு நடுவில் போய் இருந்தார்.